தஞ்சாவூர் – ராமேஸ்வரம் பழைய சத்திரத்து வழி: நடந்து போனால் சத்திரத்தில் தங்க முடியுமா?

பாபநாசத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம், பிழைப்பு சென்னையில். போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, பழைய திண்ணையை இடித்துவிட்டு கார் நிறுத்த இடம் பண்ணலாம் என்று அப்பா பேச்செடுத்தார். அந்தத் திண்ணையின் ஒரு ஓரம் மட்டும் சரிவாக மேடேறி இருக்கும். சின்ன வயதில் அதில் சறுக்கி விளையாடியிருக்கிறோம், எதற்கு அப்படிக் கட்டினார்கள் என்று கேட்டதில்லை. அப்பாயிதான் அன்றைக்குச் சொன்னது, அது வழிப்போக்கன் தலைவைத்துப் படுக்கக் கொத்தனார் வைத்துக் கட்டிய தலையணையாம்.

அப்பாயி வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் வடக்கேயிருந்து காசிச் சாமியார்கள் ஒருவர் இருவராக வருவார்களாம். கையில் கங்கைத் தண்ணீர்ச் செம்பு, வாயை மெழுகால் அடைத்திருக்கும். நம் வீட்டுச் சோற்றைத் தொடமாட்டார்கள். அரிசியும் பருப்பும் கொடுத்தால் வாசலில் மூன்று கல்லைக் கூட்டித் தாங்களே பொங்கிக்கொள்வார்கள். விடிந்து பார்த்தால் ஆள் இருக்காது, திண்ணை மட்டும் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருக்கும். எல்லாரும் ராமேஸ்வரம் போகிறவர்கள்.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு. மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் வழியில் சத்திரம் சத்திரமாகக் கட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வழியை ஓரளவு கோத்து வைத்திருக்கிறேன்: தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, ராசாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், ராமேஸ்வரம். அளந்தால் 200 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. வருகிற தை மாதம் பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்து நடக்கலாம் என்று இருக்கிறேன். மச்சான் வருகிறான், வீட்டுக்காரியும் வருகிறேன் என்கிறாள்.

நான் கேட்பது இதுதான். இந்தச் சத்திரங்களில் இப்போதும் தங்க விடுகிறார்களா? விட்டால் யாரிடம் கேட்பது? இல்லை என்றால் அந்த வழியில் நடப்பவன் இரவு எங்கே படுப்பான்? லாட்ஜ் லாட்ஜாகத் தங்கி நடப்பதற்குப் பஸ்ஸிலேயே போய்விடலாமே என்று தோன்றுகிறது. அப்புறம் செருப்பா, ஷூவா, வெறுங்காலா? நடந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஒரத்தநாட்டுக்காரன்:

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். தங்க முடியாது. ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தில் நான் தங்கியிருக்கிறேன், ஆனால் யாத்ரீகனாக இல்லை. அங்கே நடந்த மாணவர் விடுதியில் தகரப் பெட்டியோடு நான்கு வருஷம் கிடந்தவன். நுழைந்ததும் அடித்தளத்தைப் பார்த்தால் தேர் மாதிரி இருக்கும், குதிரையும் யானையும் சேர்ந்து இழுக்கிற மாதிரி சுதையில் செய்திருப்பார்கள். நாங்கள் அந்தக் குதிரை முதுகில்தான் ஈரத்துண்டைக் காயப்போடுவோம். வார்டன் பார்த்தால் விழும். மதியானத்தில் வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே சுவரில் முதுகைச் சாய்த்தால் பானைத் தண்ணீர் மாதிரி இருக்கும். ராத்திரி வௌவால் சத்தம். யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது.

பிற்பாடு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முக்தாம்பாள் சரபோஜி ராஜாவின் அன்புக்குரியவர், அவர் இறந்தபின் அவர் பெயரில் ராஜா கட்டியது இது. ஊரையே அந்தக் காலத்தில் முக்தாம்பாள்புரம் என்றுதான் சொன்னார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ராசாமடத்தில் மோகனாம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள், மீமிசலில் ராஜகுமாரம்பாள் என்று பல சத்திரங்களுக்கு அரண்மனைப் பெண்கள் பெயர்தான். 1799-ல் கம்பெனிக்காரனிடம் ராஜ்யம் போனது, கையில் மிஞ்சியது கோட்டையும் பட்டமும். அப்போது சரபோஜி 1801-ல் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார், சத்திரங்களில் மட்டும் கைவைக்காதே என்று. ராஜ்யத்துக்கு அழாதவர் சத்திரத்துக்கு அழுதிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கடிதத்தில் சத்திரம் எப்படி நடந்தது என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் வந்தவனுக்கெல்லாம் சோறு. சமைத்த சோறு வேண்டாம் என்பவனுக்கு அரிசியும் சாமானும் தனியாக அளந்து கொடுப்பார்கள் (உங்கள் அப்பாயி சொன்ன அதே கணக்கு). நடுராத்திரி வரைக்கும் பரிமாறிவிட்டு மணி அடிப்பார்கள், இன்னும் சாப்பிடாதவன் எவனாவது இருந்தால் வரட்டும் என்று. வைத்தியர் உண்டு, பாம்புக்கடிக்கும் சேர்த்து. வழியில் பிள்ளைப்பேறு வந்துவிட்டால் செலவெல்லாம் சத்திரத்தோடு, பெற்ற பிறகு மூன்று மாதம் இருந்து உடம்பு தேறிப் போகலாம். அநாதைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். எங்கள் விடுதியில் வாரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் கிடைத்திருந்தால் நாங்களும் ராஜாவை வாழ்த்தியிருப்போம்.

இப்போது சத்திரங்களும் அதன் நிலங்களும் மாவட்ட ஆட்சியர் நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. பள்ளிக்கூடம், விடுதி, அலுவலகம் என்று போனது போக மிச்சம் பாழ். திருவையாற்றில் கல்யாணமகால் சத்திரம் படிப்புக்குப் போனது, அது பரவாயில்லை. பார்க்க வேண்டும் என்றால் பகலில் வாருங்கள், காவலாளியிடமோ ஆசிரியரிடமோ சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்க்கலாம். பாய் விரிக்க நினைக்காதீர்கள்.

இன்னொன்று, தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வரைக்கும் பச்சைப் பசேல் என்று இருக்கிறதே, இங்கே எதற்கு இவ்வளவு பெரிய சத்திரம் என்று நினைக்கக் கூடாது. இந்தத் தண்ணீர் புதாற்றுத் தண்ணீர். புதாறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாய் வந்தது 1934-ல், மேட்டூர் அணையோடு சேர்ந்து. அதற்கு முன்னால் இது வானம் பார்த்த பூமி. காவிரிக் கரையில் அடிக்கு ஒரு அக்ரகாரம், கோயில், மடம் என்று பார்த்து வந்தவன் தஞ்சாவூரை விட்டுத் தெற்கே இறங்கினால் பொட்டல்தான். அதனால்தான் ஒரு நாள் நடைக்கு ஒன்றாக வைத்தார்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், விடியற்காலம் கிளம்பினால் பொழுது சாய வந்து சேரலாம். அங்கிருந்து பட்டுக்கோட்டையும் ஏறக்குறைய அதே தூரம். காலால் அளந்து வைத்த கணக்கு.

அப்புறம் 1914-ல் பாம்பன் பாலம் வந்து ரயில் கடலைத் தாண்டியது. நடந்து போக வேண்டிய தேவை முடிந்தது. சத்திரம் காலியானது அன்றைக்குத்தான், ஆளே வராத சத்திரத்தில் மணி அடித்து என்ன ஆகப்போகிறது.

நிழல் பற்றி ஒரு எச்சரிக்கை. 2018 நவம்பரில் கஜா அடித்ததில் எங்கள் பக்கம் தென்னையோடு சாலையோரப் பெருமரங்களும் போய்விட்டன. பழைய ஆட்கள் சொல்கிற புளியமரச் சாலையை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். தொப்பி அவசியம்.

---

டீசல் ராஜா:

பட்டுக்கோட்டை தாண்டி ஈசிஆர் ஏறியதும் நடக்கிறவர்கள் கவனம். மீன் வண்டி, மணல் வண்டி, ராமேஸ்வரம் டூரிஸ்ட் வேன் எல்லாம் ராத்திரியில் பறக்கும். நான் அந்த ரூட்டில் வண்டி ஓட்டுகிறவன், சொல்கிறேன். வண்டியை எதிர்பார்த்த மாதிரி வலது ஓரமாக நடங்கள், முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிய கோட் போடுங்கள். காவி வேட்டி இருட்டில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா இருக்கிறது, நெப்போலியன் தோற்றதற்காக சரபோஜி கட்டிய எட்டு அடுக்கு அறுகோணக் கோபுரம். அங்கே உட்கார்ந்து கடற்காற்று வாங்கிவிட்டுப் போங்கள். பிரிட்டிஷ்காரன் ஜெயித்ததற்கு நம்ம ஊரில் கோபுரம், அது தனிக் கதை.

---

சித்திரைச் செவ்வாய்:

நான் புதுக்கோட்டைப் பக்கம். பதினாறு வருஷமாக வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நடக்கிறேன், சித்திரை இரண்டாம் செவ்வாய்க்குப் போய்ச் சேர்வது எங்கள் வழக்கம். நகரத்தார் ஆரம்பித்தது, அங்கிருக்கிற அம்மன் தையல்நாயகி அவர்களுக்குப் பெண் முறை, அதனால் பிறந்த வீட்டுச் சீரோடு போகிறார்கள். இப்போது எல்லாச் சாதியும் சேர்ந்துதான் நடக்கிறோம். ஊன்றிப் போகிற கம்பைக் கோயில் கொடிமரத்தில் போட்டுவிட்டு வருவோம். முதல் வருஷம் அந்தக் கம்பைப் போட எனக்கு மனமே வரவில்லை, ஆறு நாள் கையோடு வந்தது.

பாபநாசத்தான் கேள்வியில் ஒரு கோளாறு இருக்கிறது, சொன்னால் வருத்தப்படாதீர்கள். நீங்கள் கட்டடத்தைத் தேடுகிறீர்கள். நாங்கள் கந்தர்வகோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று போகிறோம், பழைய சத்திரம் ஒன்றில்கூடப் படுத்தது கிடையாது, ஆனால் ஒரு ராத்திரியும் படுக்க இடம் இல்லாமல் நின்றதும் கிடையாது. ரைஸ் மில் களம், பள்ளிக்கூட வராந்தா, தென்னந்தோப்பு, யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகை. மில்காரர் அன்றைக்கு நெல் காயப்போடாமல் களத்தைக் கழுவி விட்டிருப்பார், ஏன் என்றால் சித்திரை இரண்டாம் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை இவர்கள் வருவார்கள் என்று அவர் அப்பா காலத்திலிருந்து தெரியும். அந்தத் தேதி தெரிந்திருப்பதுதான் எங்களுக்குச் சத்திரம். நீங்கள் தையில் மூன்று பேராகப் போய் அதே களத்தில் படுக்கலாமா என்று கேட்டால் அவர் ஆதார் அட்டை கேட்பார், கேட்பதில் தப்பும் இல்லை.

ஆகவே தேதி உள்ள வழியாகப் பாருங்கள். எங்களோடு சித்திரையில் வரலாம், வெயிலைத் தாங்கினால். இல்லையென்றால் வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், அதற்கு முன்னால் ஒரு வாரம் தஞ்சாவூர் – திருவாரூர் – நாகப்பட்டினம் சாலையில் காவித்துணி கட்டி நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இந்துக்களும் நிறையப் பேர் நடக்கிறார்கள். வழியெல்லாம் பந்தல், சாப்பாடு, காலுக்குத் தைலம் தேய்த்துவிடக்கூட ஆள் உட்கார்ந்திருக்கும்.

நடை முறை. ராத்திரி இரண்டரை மூன்றுக்கு எழுந்து கிளம்பிவிடுவோம். ஒன்பது மணிக்குள் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் தார் ரோடு காலைச் சுட்டுவிடும். சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி. மூட்டை முடிச்செல்லாம் முன்னே குட்டியானை வேனில் போய்விடும், முந்தி மாட்டுவண்டி போன இடத்தில் இப்போது அது. சுக்குக் காபி, நீர்மோர், பானகம், இந்த மூன்றிலேயே ஆள் ஓடும். பொரித்தது சாப்பிட்டால் மறுநாள் நடக்க முடியாது.

காலுக்கு: வெறுங்கால் என்று வேண்டிக்கொள்ளாதவர்கள் தயவுசெய்து வீராப்புக்கு வெறுங்காலில் நடக்காதீர்கள். புது ஷூவும் வேண்டாம். இரண்டு மாதம் போட்டுப் பழகிய ஷூ, அரை நம்பர் பெரிதாக, பருத்திக் காலுறை. கிளம்பும் முன் விரல் இடுக்கில் தேங்காய் எண்ணெய். கொப்பளம் வந்தால் ஊசியில் நூலைக் கோத்து ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து நூலை உள்ளேயே விட்டுவிடச் சொல்லுவார்கள், பெரியவர்கள் வைத்தியம். நானும் செய்தேன், சீழ் வைத்துக்கொண்டது. அதை விட்டுவிட்டுப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வெறுங்காலை நினைத்தே பார்க்கக் கூடாது.

---

கண்டியூர் அக்கா:

உங்கள் வீட்டுக்காரம்மா வருவதாகச் சொன்னதால் எழுதுகிறேன். மேலே மூன்று அண்ணன்களும் அந்தப் பக்கமே போகவில்லை.

நான் கண்டியூர். எங்கள் ஊர் நடையே எனக்குப் போதும், ஏழூர். தெரியாதவர்களுக்கு: பங்குனியில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம். அதற்குத் திருச்சோற்றுத்துறை சாப்பாடு கொடுத்தது, திருப்பழனம் பழம், திருப்பூந்துருத்தி பூ, திருநெய்த்தானம் நெய், எங்கள் கண்டியூர் நகை, வேதிகுடியிலிருந்து வேதியர்கள். இப்படி வேலை பார்த்த ஊர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல, சித்திரை விசாகத்தை ஒட்டி ஏழாவது ஊரான திருவையாற்றுச் சாமி ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில் மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவதுதான் ஏழூர். கல்யாணம் முடிந்து தாம்பூலம் வைத்துவிட்டு வருகிற மாதிரி. பல்லக்கோடு ஜனமும் நடக்கும். ஆற்றில் தண்ணீர் இருக்காது, மணலில் இறங்கித்தான் ஏறுவோம், ராத்திரியில் அந்த மணல் சில்லென்று காலில் ஏறும்போது பகல் முழுக்கத் தாரில் வெந்த பாதம் ஒரு நிமிஷம் உயிர் பெறும். மறுநாள் எல்லா ஊர்ப் பல்லக்கும் திருவையாற்றில் சேர்ந்ததும் ஒரு பொம்மை சாமிக்குப் பூப்போடும். அதைப் பார்க்கக் குழந்தைகளை எழுப்பித் தோளில் வைத்துக்கொண்டு நிற்போம். இருநூறு கிலோமீட்டர் நடக்கும் முன்னால் உங்கள் மூன்று பேர் கால் எப்படி என்று தெரிந்துகொள்ள இது போதும், ஒரு நாள் ஒரு ராத்திரி.

தங்குமிடம் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, அந்தப் பேச்சே இந்த ஏழூருக்குள்தான் ஆரம்பம். திருப்பழனத்துக்குப் பக்கம் திங்களூர். அப்பர் சாமியை நேரில் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்த அப்பூதியடிகள் அந்த ஊர். அப்பர் திருப்பூந்துருத்தியில் மடம் கட்டித் தங்கினார் என்று பெரிய புராணத்திலேயே இருக்கிறது, சம்பந்தர் வந்தபோது கூட்டத்தோடு கூட்டமாகப் பல்லக்கைச் சுமந்ததும் அந்தப் பக்கம்தான். சரபோஜிக்கு ஆயிரம் வருஷம் முந்திய சத்திரம்.

சரி, பெண்கள் விஷயம். ஒரு தடவை நானும் என் நாத்தனாரும் அவள் மகளும் மூன்று பேராக வெளியூர்க் கோயில் ஒன்றுக்கு நடந்து போனோம். ராத்திரி ஒன்பது மணி. யாத்ரீகர் விடுதி என்று பெரிதாகப் பலகை, உள்ளே அறை காலி, சாவி ஆணியில் தொங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆம்பளை இல்லாமல் அறை தரமாட்டோம் என்றுவிட்டார் அங்கிருந்தவர். பெயர் வேண்டாம், அந்த ஊரில் எங்களுக்கு உறவு இருக்கிறது. கடைசியில் பூக்கடை வைத்திருந்த ஒரு ஆயா தன் வீட்டு நடையில் படுக்க வைத்தது. ஒரே பாய், நாலு பேர். காலையில் காசு கொடுத்தபோது வாங்கவில்லை, ஒரு முழம் பூவை எங்கள் தலையில் வைத்துவிட்டு அதற்கும் காசு வாங்கவில்லை. உங்களோடு ஆண்கள் வருவதால் அறைக்குப் பிரச்சினை இருக்காது. ஆனால் கல்யாணச் சான்று கேட்கிற இடமும் உண்டு, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவறைதான் பெரிய கஷ்டம். நடுவில் பெட்ரோல் பங்க் எங்கே எங்கே என்று முதலில் குறித்து வையுங்கள், சத்திரத்தை அப்புறம் குறிக்கலாம். பயந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் நடந்து நீர்க்கடுப்பு வந்து மூன்றாம் நாள் திரும்பிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சேலையில் நடக்க முடியும், ஆனால் ஈரச் சேலையில் நடந்தால் தொடை உரசிப் புண்ணாகும். சுடிதார் நல்லது. மாதவிலக்கு நாளைக் கணக்குப் போட்டுத் தேதி வைக்கச் சொல்லி வீட்டுக்காரம்மாவிடமே விட்டுவிடுங்கள், நீங்கள் தேதி வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பெரிய கோயில்களில் மதியம் அன்னதானம் 2002-லிருந்து நடக்கிறது, கூட்டத்துக்கு அளவு உண்டு, பதினொன்றரைக்கே போய் வரிசையில் நின்றுவிட வேண்டும்.

---

பாபநாசத்தான்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன், "தேதி நான் வைக்கிறேன்" என்று உடனே காலண்டரை எடுத்துவிட்டாள்.

செவ்வாய் அண்ணன் சொன்னது குத்தியது, ஆனாலும் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. தேதி தெரிந்த வழியில் கூட்டத்தோடு நடந்தால் இடம் கிடைக்கும், சரி. ஆனால் எங்கள் திண்ணையில் வந்து படுத்தவர்கள் தேதி சொல்லிக்கொண்டு வரவில்லையே. எவன் எப்போது வந்தாலும் படுக்கலாம் என்றுதானே கொத்தனார் அந்த மேட்டைக் கட்டினார்? அது இப்போது இல்லை என்றால் இல்லை, அதைப் பார்த்துவிட்டாவது வருகிறேன்.

திட்டத்தைச் சுருக்கிவிட்டேன். தையில் தஞ்சாவூர் – ஒரத்தநாடு – பட்டுக்கோட்டை – ராசாமடம் மட்டும், நான்கு நாள். பட்டுக்கோட்டையில் லாட்ஜ், வெட்கப்படாமல். ஒரத்தநாட்டில் எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. சித்திரையில் ஏழூர். அது இரண்டும் முடிந்து கால் மிச்சம் இருந்தால் ராமேஸ்வரம்.

திண்ணையை இடிப்பதை அப்பா தள்ளிப்போட்டிருக்கிறார். நான் பேசியதால் இல்லை, காருக்குக் கடன் கிடைக்கவில்லை.

ஒரு சந்தேகம். வழியில் தோள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு மேலே குறுக்கே ஒரு கல் வைத்திருப்பதைச் சில ஊரில் பார்த்தேன். சுமைதாங்கி என்கிறார்கள். அது சத்திரத்தோடு சேர்ந்ததா?

---

கண்டியூர் அக்கா:

இல்லை தம்பி. தலைச்சுமைக்காரர்கள் அடுத்த ஆள் உதவி இல்லாமல் சுமையை இறக்கி ஏற்ற வைத்தது. பிள்ளை வயிற்றோடு செத்துப்போன பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டு வைப்பார்கள், அவள் இறக்கி வைக்காமல் போன பாரத்தை வழிப்போக்கர் இறக்கி வைக்கட்டும் என்று. சில கல்லில் பெயர் வெட்டியிருக்கும், சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மூடிப்போயிருக்கும், விரலால் தடவினால் தெரியும். உங்கள் பையை அதன் மேல் வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் நில்லுங்கள். சரியாகத் தோள் உயரத்துக்கு இருக்கும்.

---

ஒரத்தநாட்டுக்காரன்:

ஒரத்தநாட்டில் இடம் முடிவாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது, தனி மெசேஜ் போடுங்கள். ஃபேன் உண்டு, கழிவறை மாடியிலேயே உண்டு, அக்கா திட்டுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். மணி எல்லாம் அடிக்க மாட்டேன், ஒன்பது மணிக்குள் வந்தால் சோறு சூடாக இருக்கும்.

தேதி வைக்கும்போது இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதற்கு முன்னால் வந்தால் புதாற்றில் தண்ணீர் ஓடும், படித்துறையில் இறங்கிக் குளிக்கலாம். பிந்தி வந்தால் என் கொல்லைப் பம்ப்செட்தான்.